தலைக்கு மேலே ஒரு தரை

தோரா எங்ஸ்டாட் நான்கு குளிர்காலங்களை நிலத்துக்குக் கீழேயே கழித்தாள். இரண்டாம் உலகப்போர் முடிந்து, மைனாட் நகரில் வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காத காலம். ரயில்வேயில் வேலை பார்த்த கணவன் லைல், குழி தோண்டி அடித்தளம் கட்டி, அதன்மேல் பலகைத் தரை பரப்பி, மழை இறங்காமல் தார்க்காகிதம் ஒட்டினான். அந்தத் தரையே கூரையாக, இரண்டு மகள்களோடு கீழே குடியேறினார்கள். மேல்வீடு அடுத்த வருடம் என்றான். அந்த அடுத்த வருடம் வருவதாக இல்லை. எதிர்வீட்டு மர்னா அவர்களை வளை எலிகள் என்று சொன்னது தோராவின் காதுக்கு எட்டியது. அன்றோடு பேச்சு நின்றது.

ஐம்பத்திரண்டில் ஒருவழியாக மேல்வீட்டுக்கான மரம் வந்து இறங்கியது. அதே வாரம் லைலுக்குக் கால் முறிந்தது. மழையில் கிடந்தால் மரம் முறுக்கிக்கொள்ளும். தோரா சுத்தியலை எடுத்தாள்.

மரச்சட்டச் சுவரைத் தரையில் படுக்கவைத்து ஆணி அடித்துவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும் என்பதால் ஏணிக்கு வேலையில்லை. லைல் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொன்னான். பதினாறு அங்குலத்துக்கு ஒரு கட்டையாக வைத்து அடித்தாள். கோணல் இருக்கிறதா என்று குறுக்கே மூலைக்கு மூலை அளந்தால் ஒரு பக்கம் முக்கால் அங்குலம் கூடுதல். நீண்ட மூலையைச் சம்மட்டியால் தட்டித் தட்டிச் சரிசெய்தாள். நான்காம் நாள் இருபத்துநான்கு அடிச் சுவர் தயாராகிப் படுத்திருந்தது. தூக்கத்தான் ஆளில்லை, லைலின் கூட்டாளிகள் எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.

"மர்னாவைக் கேளேன்," என்றான் லைல்.

"அவகிட்டயா? இது இப்படியே கிடக்கட்டும்."

மத்தியானம் மர்னாவே வந்தாள். கையுறை மாட்டிய நான்கு பெண்கள் பின்னால் நின்றார்கள்.

"உள்ள வரலாமா, தோரா?"

"உள்ளன்னா எங்க? கதவே இன்னும் வைக்கலயே."

மர்னா சிரிக்கவில்லை. "எலின்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நாலு நாளா ஜன்னல்ல நின்னு உன்னையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

தோரா சுவரின் மறுமுனையைக் காட்டினாள். "அந்தக் கோடியப் பிடி. முதுக வளைக்காத, முழங்கால மடக்கித் தூக்கு," என்றாள்.

லைல் மூன்று எண்ணினான். சுவர் இடுப்புவரை வந்தது, பிறகு தலைக்குமேல் போனது. காற்று ஒருமுறை அதைப் பின்னுக்குத் தள்ளியது. மர்னா தோள் கொடுத்தாள். சுவர் நிமிர்ந்து நின்றதும் தோரா ஓடிப்போய் முட்டுக்கட்டையை அறைந்தாள்.

முதல் பனி விழுமுன் மேலே குடிவந்துவிட்டார்கள். அடுத்த வருடம் மர்னாவின் தங்கை வீட்டுக்குச் சுவர் அடிக்கத் தோராவைக் கூப்பிட்டார்கள். சுவர் அடிக்கிற ஆள் எங்கே என்று தங்கையின் கணவர் கேட்டார்.

"நான்தான் ஆள்," என்று ஆணிப்பையை இடுப்பில் கட்டினாள்.