நிற்காமல் போன கப்பல்

ஆக்லாந்து துறைமுகத்தில் ஒரு கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தது பிரெஞ்சுக்காரர்கள்தான் என்று தெரியவந்த வருடம் அது. டெய்ரி என்கிற மூலைக்கடையில் பாண் வாங்கப் போனாலும் அவர்களுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். ஆங்கிலம் பழகட்டும் என்று ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் சனிக்கிழமை காலை நடந்த சரித்திர வகுப்பொன்றில் சேர்ந்திருந்தேன். இந்தப் பக்கம் வந்த மாலுமி ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு தரம் பேச வேண்டும் என்றார்கள். எல்லோரும் ஆங்கிலேயர்களை எடுத்தார்கள். நான் ஒரு பிரெஞ்சுக்காரரை எடுத்தேன். வீம்புதான், வேறென்ன.

சின்ன வயதிலேயே கடற்படையில் சேர்ந்தவர். பருவக்காற்று ஒத்துழைக்காத காலத்தில் புது வழியாகச் சீனாவுக்குக் கப்பல் ஓட்டியவர். பிறகு இந்து சமுத்திரத்தில் ஒரு தீவுக்குக் கவர்னர். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டுதான் படித்தேன். காணாமல் போன இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் தலைவரைத் தேட அவரை அனுப்பினார்கள் என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.

என் தம்பியும் காணாமல் போயிருந்தான். நான் புறப்படுவதற்கு முந்திய வருடம், ஒரு காலையில், தோளில் பையோடு செருப்பை மாட்டினான். படியிறங்குகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று எங்கள் வீட்டில் கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் உருப்படாது. யாராவது தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். கேள்வி என் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, "கவனமாப் போட்டு வா" என்றேன்.

ஆமி பிடித்ததா, இயக்கத்துக்குப் போனானா, வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனானா, ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு கடிதத்திலும், "உன்னட்டையும் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டு எழுதினா. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரர் ஒரு தரம்தான் வருவார். நான் நாலு தரம் கடிதப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

வகுப்பில் பேசினேன். தொலைந்தவர் தான் போகப்போகிற வழியைக் கடைசிக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார் என்றேன். தேடிப் போனவர் நியூசிலாந்தின் வட முனைக்கு வந்தார். அங்கத்தைய பூர்வகுடிகளான மாவோரிகள் தோணிகளில் வந்து பண்டம் மாற்றினார்கள். அவர் நங்கூரம் போடாமலே போய்விட்டார். பிறகு தூரத்தில் ஒரு தீவைக் கண்டு, அதற்குத் தன் கப்பலின் பெயரை வைத்துவிட்டு, அங்கேயும் இறங்கவில்லை. சில வாரங்களில் நோய் கண்டு கடலிலேயே இறந்துபோனார். தொலைந்த கப்பல்கள் உடைந்தது அதே தீவில்தான் என்று முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது.

முன் வரிசையில் பின்னிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார மனுஷி ஊசியை நிறுத்திவிட்டு, "அவ்வளவு கிட்டப் போயும் ஏன் நின்று விசாரிக்கவில்லை?" என்று கேட்டா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கத்திவிட்டேன். யாருக்காகக் கத்தினேன் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கியிராது.

திங்கட்கிழமை காலை என் கணவர் வேலைக்குப் புறப்பட்டார். ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது.

"எங்கை போறியள்?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உமக்கென்ன விசரே? வாசல்லை வைச்சுக் கேக்கிறீர்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

அவர் போனபின் அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். காரியம் கெட்டுவிடும் என்றுதானே பயந்தேன். கெட்டிருக்கட்டுமே. அன்றைக்குக் கேட்டிருந்தால், பதில் சொல்லாவிட்டாலும், தம்பி திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் மட்டும் என் முன்னால் உட்கார்ந்திருப்பான்.