வாசற்கல்லில் வண்டி மசை

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் போகிறவர்கள் முதலில் கால் வைக்கிற கல்லில் என் பெயர் இருக்கிறது. மேலே அப்பாவின் பெயர், அடியில் என் பெயர். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் பெரிய தர்மவான்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கல் எங்கள் குடும்பம் கொடுத்ததுதான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயர்களை யாரும் வேண்டுமென்று வெட்டி வைக்கவில்லை. அழிக்கப் போய் அப்படி ஆகிவிட்டது. அதை எழுதியவள் நான்.

பெருமாட்டிக்குக் கிழக்கே, மாநில எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கோயில் முற்றத்துக்குக் கல் பாவினார்கள். அதுவரை மண் தரை. மழை பெய்தால் அம்மனைக் கும்பிட வந்தவர்கள் வழுக்கி விழுந்து, அம்மனையே திட்டிவிட்டுப் போவார்கள். ஊட்டுக்கு ஒரு கல் என்று கமிட்டியில் பேசி முடித்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கருங்கல் பலகைகள் லாரியில் வந்தன. கூடவே ஒரு கல்வேலைக்காரரும் வந்து, இரண்டு மாதம் கோயில் மடத்திலேயே தங்கிவிட்டார்.

கொடுத்தவர்களின் பெயரைக் கல்லிலேயே வெட்டுவது வழக்கம். சுவரில் வைக்கமாட்டார்கள், தரையில்தான். வருகிறவர்களின் கால்தூசி பெயர்மேல் விழுந்தால் குடும்பத்துக்கு நல்லது என்பார்கள். குடும்பத் தலைவர் பெயர் மேலே, பிள்ளைகள் பெயர் அடியில், கடைசியில் 'உபயம்'. எல்லாக் கல்லும் இதே மாதிரிதான். எழுத்து வெட்டி வெட்டி அந்தக் கல்வேலைக்காரரின் கைக்கு வேறு வேலையே மறந்துபோயிருக்கும்.

வாசலில் கிடந்த பெரிய கல் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கொடுத்தது. பெரியப்பா அப்பாவைவிட எட்டு வயது மூத்தவர். அப்பாவை வளர்த்தவர் என்றே சொல்லவேண்டும். காடு தோட்டம் எல்லாம் பாகம் பிரித்துக்கொண்டபோதும் சண்டை வரவில்லை. ஆனால் பிரிந்த பிறகு இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசும்போது வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பாதி நாள் அவர் வீட்டில்தான் கிடப்பேன். என்ன பெயர் வெட்டுவது என்று கமிட்டிக்காரர் வந்து கேட்டபோது, பெரியப்பா, "பேரெல்லாம் எதுக்குங்க, ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்றார். அப்பாவும் சரியென்றார். எங்கள் கல் மட்டும் வெறுங்கல்லாகக் கிடந்தது.

பெரியவர்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அது எனக்குப் பெரிய அவமானம். என் கூடப் படித்த ஒருத்தி தினமும் கோயிலுக்கு வந்து, தன் பெயர்மேல் ஏறி நின்றுகொண்டு, "உங்குளுது மொட்டக்கல்லு" என்பாள். மூன்று வாரம் பொறுத்தேன். அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

அது மாசி மாதம். கோயில் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, பதினைந்து நாள் இருந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் உடுமலைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள், வியாழக்கிழமைதான் வருவார்கள். திங்கட்கிழமை பொழுதுசாய, வேலையாட்கள் போன பிறகு, எங்கள் மாட்டுவண்டியில் தொங்கிய மசைக்குழாயை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போடுகிற கறுப்பு மசை அது. துணியில் பட்டால் துணி கிழிகிற வரைக்கும் போகாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். சுண்ணாம்பில் எழுதினால் மழையில் போய்விடும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. தென்னை மட்டையின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, மசையில் தோய்த்து, கல்லின் நடுவில் கொஞ்சம் கீழே தள்ளி அப்பாவின் பெயரை எழுதினேன். அடியில் என் பெயர். எழுத்து கோணல்மாணலாக வந்தாலும் தூரத்திலிருந்து படிக்க முடிந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

விடிந்ததும் கோயில் பண்டாரம் ஓடிவந்து அப்பாவைக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். அப்பா மகிழ்ச்சியில் என்னைத் தூக்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அப்பா அந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கல்லின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டவில்லை. மசையின் எண்ணெயை இரவோடு இரவாகக் கல் குடித்திருந்தது.

"அண்ணன் வியாழக்கெழம வந்துருவாரு. அதுக்குள்ள போயாவணும்" என்றார். அப்போதுதான் நான் செய்தது தப்பு என்று தெரிந்தது. எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பண்டாரத்தின் மனைவிதான் அன்றாடம் கோயில் கூட்டுகிறவர். விளக்குக்கம்பத்தின் அடிக்கல்லில் சிந்துகிற எண்ணெயோடு வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருப்பவர். அவர் சொன்னார்: "ஏனுங்க, இதத் தேச்சா ஆவாதுங்க. தவுட்டையும் அடுப்புச் சாம்பலையும் சுடுதண்ணியில கொழச்சுக் கனமா அப்பி உட்டரோணுமுங்க. காஞ்சதும் எடுத்துப்போட்டு மறுக்கா அப்போணும். கல்லு குடிச்சத அதே கக்கிப்போடுமுங்க."

"எத்தன நாளாகும்?"

"பத்து நாளு ஆகுமுங்க. கல்லுக்கு ஒண்ணும் ஆவாதுங்க."

அப்பாவிடம் பத்து நாள் இல்லை, மூன்று நாள்கூட முழுதாக இல்லை. வீட்டிலிருந்து சீமெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தவள் நான்தான். துணியில் நனைத்துத் தேய்த்தார். மேலாக இருந்த கறுப்பு கரைந்தது, கரைந்த கறுப்பு நாலா பக்கமும் ஓடி இன்னும் ஆழமாக உள்ளே இறங்கியது. எழுத்துக்குப் பக்கத்தில் ஈரம் காயாத மாதிரி ஒரு கறை பரவி, அப்பாவின் பெயர் முன்பைவிடக் கொழுத்து நின்றது. பிறகு சலவைச் சோடாவும் வெந்நீரும் தேங்காய் நாரும். நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். கோயில் கிணற்றுக்கும் வாசலுக்கும் அன்று நான் நடந்த நடை கொஞ்சமில்லை. பார்த்தவர்களெல்லாம், அப்பனுக்கு எப்படி ஒத்தாசை பண்ணுகிறது பார் இந்தப் புள்ளை என்று மெச்சினார்கள்.

புதன்கிழமை காலையில் யாரோ சொன்னார்கள் என்று வேலந்தாவளத்தில் லாரிப் பட்டறையிலிருந்து ஒரு சீசா ஆசிட் வாங்கிவந்தார். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது, எல்லோரும் ஆஹா என்றோம். நுரைத்தது மசை அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசியிருந்த சுண்ணாம்பு. அது பொடிப்பொடியாக வெளியே வந்தது. மத்தியானம் வெயிலில் காய்ந்தபோது கல் முழுவதும் துருப்பிடித்த இரும்பைப் போலப் பழுப்பேறியிருந்தது. நடுவில் கறுப்பாக எழுத்து, முந்தின நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லைப் புரட்டிப் போடலாம் என்றால் அடிப்பக்கம் செதுக்காத கரடு.

அப்பா கல்வேலைக்காரரிடம் போய் நின்றார். அவர் வந்து பார்த்துவிட்டு, முழுக்கல்லையும் ஒரு நூல் கனத்துக்கு இறக்கிக் கொத்தினால் சுத்தமாகப் போகும், அதற்கு மூன்று நாள் வேண்டும் என்றார். "கறுப்பு இருக்கற எடத்துல மட்டும் கொத்தியுடட்டுமுங்களா? பொழுதோட முடிச்சுப்போடலாமுங்க." அப்பா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவர் சோர்ந்துபோயிருந்தார், கை முழுக்கச் சோடாவில் வெந்து தோல் உரிந்திருந்தது.

கல்வேலைக்காரர் உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தார். கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே உளி போயிற்று. இரண்டு மாதமாக எழுத்து வெட்டிய கை அது. என் கோணல் எழுத்தைக் கண்டதும் தானாகவே நிமிர்த்தியது, வளைவை வளைவாக்கியது, இரண்டு வரியையும் சமமாக்கியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். பொழுது சாயும்போது எழுந்து தூசியை ஊதிவிட்டு, "கறுப்பு போச்சுங்க" என்றார். உண்மைதான், ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. பழுப்பேறிய கல்லின்மேல் வெள்ளை வெளேரென்று, புத்தம்புதிதாக வெட்டிய அப்பாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. சுற்றிலும் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். மசையை மசையாகவே விட்டிருந்தால், அந்த எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் சின்னப்பிள்ளை கைவேலை என்று பெரியப்பாவுக்கே தெரிந்திருக்கும். இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, பண்டாரத்தம்மாவைத் தவிடு குழைக்கச் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, வழக்கப்படி நேரே கோயிலுக்குத்தான் வந்தார். அப்பா வாசலில் காத்திருந்தார். தண்ணீர்க் குடத்தோடு நானும் அங்கே நின்றேன். பெரியப்பா கல்லைப் பார்த்தார். அவர் முகம் கோபமாக மாறும் என்று பயந்தேன். கோபப்படவில்லை. யாரோ கூட்டத்தில் அவரை அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்ட மாதிரி நின்றார்.

"ஏன்டா, பேரு வேண்டாமுன்னு ரண்டு பேருஞ் சேந்துதான சொன்னோம். நாலு நாளு நான் அக்கட்டால போனதும் வெட்டிப்போட்டியா?"

"வெட்டுலீங்ணா. ஆரோ மசையில எழுதிப்போட்டாங்க. அழிக்கறதுக்குத்தானுங்ணா கொத்துனது."

"அழிக்கறதுக்கு ஆராச்சும் உளிய எடுப்பாங்களாடா?"

அப்பா தோல் உரிந்த கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"செரி, எழுதுனது ஆரு? அதையாச்சும் சொல்லு."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியலீங்ணா" என்றார்.

பெரியப்பா அடியில் இருந்த என் பெயரை மறுபடி ஒருமுறை படித்தார். "புள்ள பெத்தவன், பேரு வெக்கோணும்னு ஆசை இருக்கும். எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வெட்டச் சொல்லியிருப்பனே" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அந்தக் கல்லை மிதிக்காமல், சுற்றிக்கொண்டு வடக்கு வாசல் வழியாக உள்ளே போனார். அதன்பிறகு சாகிறவரைக்கும் அவர் அந்த வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழையவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. பண்டாரம் போய் நடந்ததைச் சொன்னபோதும், எழுதியது யாரென்று தம்பியே சொல்லட்டும் என்றுவிட்டார். நோம்பிக்கு இரண்டு வீடும் சேர்ந்து வைக்கிற பொங்கல் அந்த வருஷத்திலிருந்து தனித்தனிப் பானையில் பொங்கியது. அவர் இறந்தபோது, கொள்ளி வைக்கவேண்டியது கூடப்பிறந்த தம்பி. பெரியம்மாவின் அண்ணன் மகன் வைத்தான். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராகப் பின்னால் நின்றுவிட்டு வந்தார்.

அப்பாவும் போன பிறகு ஒரு நாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய ரகசியத்தைச் சொல்லப்போவதாக நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அம்மா கொத்துமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"உங்கொப்பனுக்கு மொத நாளே தெரியும். உம் பாவாடையெல்லாம் மசையா இருந்துச்சே. நான் சொல்லிப்போடலாமுங்கன்னேன். அண்ணனுக்குப் புள்ளைன்னு இருக்கறது இவ ஒருத்தி, எம்மேல கோவம்னா இருந்துட்டுப் போகுதுன்னுட்டாரு."

நான் அழுதேன். அழுவதற்கு முப்பது வருஷம் தாமதம். அப்பாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்பா நினைத்த மாதிரியேதான் நடந்தது. பெரியப்பா என்னை ஒதுக்கவில்லை. அந்த வருஷம் நோம்பி முடிந்த அடுத்த வாரம், வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர், வீதியில் விளையாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்துப்போனார். துண்டில் முடிந்துவைத்திருந்த பொரியும் வெல்ல மிட்டாயும் எடுத்து என் மடியில் கொட்டினார். நான் கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என் தலையைத் தடவினார்.

"உங்கொப்பன் பண்ணுனதுக்கு நீ என்ன பண்ணுவ அம்மிணி. தின்னு."

தின்றேன். தப்பித்துக்கொண்டோம் என்ற நிம்மதியில் மிட்டாய் நன்றாகவே இனித்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒன்றை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை, அம்மாகூடக் கேட்கவில்லை. பெரியப்பாவின் பெயரை ஏன் எழுதவில்லை என்று. எழுதத்தான் இருந்தேன். மூத்தவர் என்பதால் மேலே அவருக்கு இடம் விட்டுவிட்டுத்தான் அப்பாவின் பெயரைக் கீழே தள்ளி எழுதினேன். அந்த வெற்றிடம் இப்போதும் கல்லில் அப்படியே இருக்கிறது. அன்று மற்ற கற்களைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அடியில் பிள்ளைகளின் பெயர் இருந்தது. பெரியப்பாவுக்கு அடியில் எழுத யாரும் இல்லையே என்று மட்டையைக் கீழே வைத்துவிட்டேன். என் பெயரை அங்கேயும் ஒருமுறை எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை.