கணக்குச் சோதனையும் என் லீவு நாளும்

கிளிவெட்டியில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளையின் படிப்புச் செலவை நான்கு வருடமாகப் பார்த்து வருகிறேன். துறைமுகக் கந்தோர் வேலை அலுத்துப்போனால் அவளைப் பார்க்கப் போவேன்; மனம் ஆறும். அன்றும் லீவு போட்டு, வருவதாக வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் போய் இறங்கி ஓட்டோ பிடித்தேன். சீருடையோடு வாசலில் நின்றாள்.

“பள்ளிக்கூடம் போகேல்லையோ, பிள்ளை?”

“இண்டைக்குக் கணக்குச் சோதனை, அன்ரி. நீங்கள் வாறீங்கள் எண்டு அம்மா மறிச்சுப்போட்டா.”

“உதவி செய்யிற நீங்கள் வரேக்க பிள்ளை நிக்காட்டி மரியாதையோ?” என்றார் தாய்.

வந்த ஓட்டோவிலேயே அவளை ஏற்றிப் போனேன். மணி அடிக்கும்போது இறங்கி, திரும்பிப் பாராமல் ஓடினாள். நான் முன்பு போன நாட்களும் பள்ளி நாட்கள்தான் என்பது திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது.

இப்போது ஞாயிறுகளில் மட்டும் போகிறேன். மற்ற நாட்களின் அலுப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறேன். கடலுக்குச் சோதனை இல்லை.