பலா மரமும் மூன்று தையலும்

ஈறில் சின்ன ஆபரேஷன், மூன்று தையல். மூன்று நாளைக்கு ஆறின கஞ்சியும் ஐஸ்கிரீமும்தான், வாயைத் திறந்து பேசவே கூடாது என்றார் சித்தூர் பல் டாக்டர். என் வீட்டுக்காரர் அவருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார். பல்லைக் கடித்திருப்பேன், அதற்கும் வழியில்லை.

கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளி முழுக்க என் வாய் பிரசித்தம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்னங்க" என்று விடுவார். அப்படித்தான் எங்கள் ஏணியும் பெரிய அண்டாவும் இன்னும் ஊர்சுற்றிக்கொண்டிருக்கின்றன. முடியாது என்று சொல்லும் வேலை கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது.

இரண்டாம் நாள் காலையில் பொள்ளாச்சி மரவியாபாரி வந்து நின்றான். எங்கள் வாசல் பலா மரத்தின் மேல் அவனுக்கு நாலு வருஷமாகக் கண். வந்த போதெல்லாம் விரட்டியிருக்கிறேன். நான் புதுப்பெண்ணாக வந்த வருஷம் ஊன்றிய கொட்டை அது. இந்த ஊரில் என்னுடையது என்று முதலில் வேர் பிடித்தது அதுதான். எனக்குத் தையல் போட்ட செய்தி எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, முதலில் என் உடம்பை விசாரித்தான். பிறகு, "ஏனுங்க, வேரு செவுத்துக்குள்ள பூந்துருமுங்க. இப்பவே வெட்டீட்டா ஊடு தப்பிச்சுக்குமுங்க" என்றான்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்ன" வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்து, "மரத்தைத் தொட்டால் கையை ஒடிப்பேன். இந்தத் திருடனை வெளியே அனுப்புங்க" என்று எழுதி நீட்டினேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அவர் பள்ளியில் படித்தது மலையாளம். பேசுவதெல்லாம் தமிழ்தான், ஆனால் படிக்க ஓரெழுத்து தெரியாது. எனக்கோ மலையாளத்தில் எழுதத் தெரியாது.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? நேரே வியாபாரியிடம் கொடுத்து, "என்னமோ எழுதியிருக்கறா, படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தவன் முகம் சுண்டிப்போனது. என்னை ஒரு பார்வை பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடுங்க, மரம் உங்க இஷ்டம்னு அம்மிணி எழுதியிருக்குதுங்க" என்றான்.

நான் கையை ஆட்டினேன், காலை உதைத்தேன். வீங்கின கன்னத்தில் ஐஸ் பையை வைத்துத் துண்டால் தலையோடு கட்டியிருந்த கோலத்தில் அது நாட்டியம் மாதிரித்தான் இருந்திருக்கும். தையல் போனால் போகட்டும் என்று வாயைத் திறக்கப் போனேன்.

வீட்டுக்காரர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இல்லீங்க, மரத்த வெட்டறதில்லீங்க" என்றார். அவர் வாயிலிருந்து ஓர் இல்லை வந்து நான் கேட்டதே இல்லை.

"அம்மிணியே எழுதிக் குடுத்துருச்சேங்க?"

"இருவது வருசமா இவகூட இருக்கறனுங்க. உங்களுக்கு டீ குடுக்கச் சொல்லி இவ எழுதவே மாட்டாளுங்க."

எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. ஒரு தையல் விட்டுப்போனது.