இடியப்பத்தால் தவறிப்போன இரைச்சல்

அமெரிக்காவிலேயே அதிகம் பேருக்குத் தெரியாத இருவர் ராக் குழு அது. பாட்டு என்பதைவிட இரைச்சல் என்றே சொல்லலாம். கிட்டாரை வாசிப்பதில்லை, வதைப்பார்கள். கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம். 2011 அக்டோபரில் ஆஸ்திரேலியா வந்தார்கள். சிட்னியில் நிகழ்ச்சி இல்லை. மெல்பனில் ஒன்றே ஒன்று, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. அதோடு குழுவைக் கலைக்கிறார்களாம். நேரில் கேட்க எனக்கிருந்த ஒரே வாய்ப்பு அதுதான். டிக்கெட் 25 டாலர்.

நான் இருப்பது சிட்னியின் நார்த்மீட். கார் வைத்திருப்பவன் பக்கத்து டூங்கபியில் இருக்கும் நண்பன் சுதன், யாழ்ப்பாணத்துக்காரன். இந்தச் சத்தமெல்லாம் அவனுக்கு ஆகாது. மெல்பனில் டான்டினோங்கில் இருக்கும் தன் அன்ரியை, அதாவது ஆன்ட்டியைப் பார்க்கலாம் என்றுதான் வந்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 880 கிலோமீட்டர். சுதன் கண்ட இடத்திலெல்லாம் தேநீருக்கு நிறுத்தியும் மூன்றரைக்கே டான்டினோங் சேர்ந்துவிட்டோம். கச்சேரி நடக்கும் ஃபிட்ஸ்ராய் பப்புக்கு அங்கிருந்து நாற்பது நிமிடம். நேரம் தாராளமாக இருந்தது.

"வாங்கோ தம்பி, இருங்கோ. இடியப்பம் அவிக்கிறன்" என்றார் அன்ரி. கவனியுங்கள், இனிமேல்தான் அவிக்கப் போகிறார். மாவு குழைக்க ஆரம்பித்ததே நாங்கள் உட்கார்ந்த பிறகுதான்.

"லேட் ஆயிடும் அன்ரி. கச்சேரி முடிஞ்சு வந்து சாப்பிடறோமே."

"சாப்பிடாமல் வெளிக்கிடுறதோ? நல்ல கதை! சொன்ன நேரத்துக்கே துவங்கப் போறாங்கள்?"

"ஓம் மச்சான், எந்தக் கச்சேரி டைமுக்குத் துவங்கினது?" என்று சுதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். நம்மவர் விழாக்களில் விளக்கேற்றவே ஒரு மணி நேரமாகும். அந்தப் பழக்கத்தில் பாழாய்ப்போன நானும் நம்பித் தொலைத்தேன்.

பப்புக்குள் நுழைந்தபோது ஐந்தே முக்கால். சரியாக ஐந்துக்குத் தொடங்கி, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். கிட்டார்க்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிட்னியிலிருந்து வந்த கதையைச் சொல்லி, ஒரே ஒரு பாட்டு வாசிக்கக் கெஞ்சினேன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பப்புடையவை, அணைத்துவிட்டார்கள் என்று மனிதர் உண்மையாகவே வருந்தினார். அவர் கண் மட்டும் என் கையிலிருந்த பார்சல் மேலேயே இருந்தது. அன்ரி கட்டிக்கொடுத்த இடியப்பம். கொடுத்தேன். டிரம்ஸ்காரரும் அவரும் நின்றபடியே தின்று தீர்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அன்ரியின் போன். விஷயத்தைச் சொன்னேன். நான் தவறவிட்டது அவர் காதில் ஏறவே இல்லை.

"ஐயோ, பொடியள் பசியோட நிண்டவையோ? இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ!"

வந்தார்கள். கிட்டாரைக் காரில் விட்டுவர மனமில்லாமல் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அன்ரி ஒரு பாட்டுக் கேட்டார். எலெக்ட்ரிக் கிட்டார், ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கிட்டார்க்காரர் வேர்க்க விறுவிறுக்க வதைத்தார். வந்ததோ கொசு பறக்கும் சத்தம். டிரம்ஸ்காரர் நாற்காலிக் கையில் விரலால் தட்டினார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தபோது அந்தக் கொசுச் சத்தமும் கேட்கவில்லை.

"நல்ல அமைதியான பாட்டு. இதுக்கோ சுதன் பயந்தவன்?" என்றார் அன்ரி.

வெளியூர்க் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பப்பில் ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். உறவுக்காரர் வீட்டுக்குக் கச்சேரி முடிந்தபின் போங்கள். வந்துவிட்டதாக முன்கூட்டி வாய்திறக்காதீர்கள். காது போய்விடும் என்று பயந்து நான் வாங்கிய இயர்பிளக் பிரிக்காமல் அப்படியே காரில் கிடக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.