மஞ்சள் சட்டைக்காரர்

கொய்யா மரத்தடியில் நின்று ஒரு மஞ்சள் டப்பாவை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் பொறிக்காரர். பிறகு அதைத் தன் சட்டையோடு ஒட்டவைத்துப் பார்க்கிறார். இரண்டும் ஒரே மஞ்சள் என்றால்தான் டப்பா தேறும்.

பழ ஈ பிடிக்கும் பொறி செய்து தோட்டம் தோட்டமாக விற்பது அவர் தொழில். ஓட்டை போட்ட டப்பா, உள்ளே புளித்த பழக்கூழ், அவ்வளவுதான். ஆனால் வாசனை என்ற பேச்சை அவரிடம் எடுக்கக் கூடாது. "ஈ தலையைப் பாத்திருக்கீங்களா? முக்கால்வாசி கண்ணு. மூக்கு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்!"

மூக்கு இல்லாதது அவருக்குத்தான். எப்போதோ வந்த காய்ச்சலில் மோப்பம் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். கூழ் பக்குவமாகப் புளித்ததா என்று முகர்ந்து சொல்வது மனைவி. ஜாடியைத் திறந்ததும் அந்த அம்மாள் முகம் சுளித்தால் சரக்கு தயார்.

போன வாரம் சொந்தக்காரர்கள் நடுவே, "இவளுக்கு என்ன வேலை, சும்மா மோந்து பாக்கறதுதானே" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அந்த அம்மாள் முகம் சுளிப்பதை நிறுத்திக்கொண்டார். "உங்களுக்குக் கண்ணுதானே எல்லாம்? நல்லா உத்துப் பாருங்க, புளிச்சுதான்னு தெரியும்."

அவரும் உற்றுத்தான் பார்த்தார். கறுக்கத் தொடங்கிய கூழைக் கெட்டுப்போனதென்று தினமும் கொட்டிவிட்டு, பொன்னிறமாகப் புதுக்கூழ் ஊற்றினார். டப்பாக்கள் பளபளத்தன. கொய்யாவைப் பிளந்தால் புழு நெளிந்தது.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் சித்தப்பா இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். "அண்ணே, சீசன் பூரா உங்க பொறிதான்னு சொன்னேன், இல்லேங்கல. இன்னைக்கு ஒரு ஈயாவது உள்ள விழணும். இல்லேன்னா எல்லாத்தையும் அவுத்து எடுத்துட்டுப் போயிடுங்க."

மூவரும் டப்பாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். ஈக்கள் வரத்தான் வந்தன. டப்பாவை ஒரு சுற்று சுற்றின; வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளிகளைப்போல் திரும்பின; நேராகப் பொறிக்காரர் தொந்தியில் இறங்கின. அங்கே, மூன்றாவது பொத்தானருகே, பழுப்பாக ஒரு கறை. மனைவி முகம் சுளித்துக் கொடுத்த கடைசி ஜாடியிலிருந்து தளும்பிச் சிந்தியது. வேறு யாராக இருந்தாலும் நாற்றம் பொறுக்காமல் அன்றே துவைத்திருப்பார்கள்.

"பொறி நல்லாத்தான் வேலை செய்யுது அண்ணே," என்றார் சித்தப்பா. "என்ன, அதை நீங்க போட்டுட்டு நிக்கிறீங்க."

பொறிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். "கறுத்துப்போன அந்தப் பழைய கூழ் ஜாடி... கொட்டிடலையே?"

"எதுக்கு? கண்ணுக்கு லட்சணமாவா இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டது எங்கள் காதுவரை வந்தது.

"இல்ல... ஒரு தடவை மோந்து சொல்லேன்."

 அந்த அம்மாள் போனை வைக்கவில்லை. பொறிக்காரர் தன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி சட்டையைக் கழற்றினார். டப்பாவுக்குப் போர்த்தி, காலர் பொத்தானைப் போட்டு, கறை வெளியே தெரியும்படி இழுத்துவிட்டு, பனியனோடு ஓரமாக நகர்ந்து நின்றார்.