மாற்றுக் கோட்டு

பூதலூர் பக்கம் செல்போன் சர்க்யூட் போர்டு பூட்டும் கம்பெனியில் அஃப்ரீனுக்கு வேலை. துணி உரசி எழும் துளி மின்சாரம் பட்டாலே சிப் பாழாகிவிடும். அதனால் அங்கே எல்லோருக்கும் அந்த மின்சாரத்தை வடித்துவிடும் கரியிழை கலந்து நெய்த கோட்டுதான்.

முதல் நாளே சூப்பர்வைசர் அவள் தலையை மூடியிருந்த துணியைக் காட்டினார். "அந்த மக்கனா பாலியஸ்டர். கழட்டிட்டு உள்ள வாங்க."

"அப்ப கோட்டுத் துணியிலயே ஒரு மக்கனா தைச்சுக் கொடுங்க சார்."

"அதெல்லாம் இங்க வழக்கமில்ல."

விடுகிற ஆளா அஃப்ரீன்? துவைத்து மாற்றிக்கொள்ள கம்பெனி கொடுத்திருந்த இன்னொரு கோட்டை வீட்டில் வெட்டி, மக்கனாவாகத் தைத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்தாள். வாசலில் துணியைச் சோதிக்கும் மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

சூப்பர்வைசருக்கு முகம் சிவந்துவிட்டது. "கம்பெனி கோட்டை யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

அஃப்ரீன் நின்று திரும்பினாள். "என் மக்கனாவை யாரைக் கேட்டுக் கழட்டச் சொன்னீங்க?"